கையால் ஓட்டினால் ஓடுகிறது என்பது சாட்சியம் அல்ல

நேரம் குறித்து ஓடவிட்ட ஒரு ஸ்கிரிப்ட் இரவில் விழுந்துவிட்டால், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அணிகளில் ஏறக்குறைய எப்போதும் ஒரே தீர்ப்புதான் எழுதப்படுகிறது. "டெர்மினலில் கையால் ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. கிரானில்தான் ஓடவில்லை. ஸ்கிரிப்ட்டில் குற்றமில்லை; அந்த நேரத்தில் நெட்வொர்க் போயிருக்கும்." தீர்ப்பு வந்த கையோடு மருந்தும் வந்துவிடும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் ஸ்லீப் 60 ஏறும். கர்ல் கட்டளையைச் சுற்றி மூன்று முறை முயலும் ஒரு லூப் வரும். டிக்கெட் மூடப்படும்.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. மருந்தோ பல நேரங்களில் நோயைவிடக் கெடுதல். இதை அனுபவ ஞானம் என்ற பெயரில் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

முதலில் அந்தச் சாட்சியத்தையே எடுத்துக்கொள்வோம். கையால் ஓட்டியபோது ஸ்கிரிப்ட் ஓடியது என்றால், உங்கள் பெயரில், உங்கள் லாகினில், உங்கள் ஷெல் அந்த நிமிடம் கையில் வைத்திருந்த அத்தனை அமைப்புகளோடும் அது ஓடும் என்று தெரிகிறது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. நீங்கள் உள்ளே நுழைந்ததுமே ப்ரொஃபைல் கோப்புகளும் பேஷ்ஆர்சியும் படிக்கப்படுகின்றன. பாத், புராக்ஸி, சாவிகள் எல்லாம் வந்து அமர்கின்றன. கிரான் இவற்றில் எதையும் படிப்பதில்லை. 1987-ல் பால் விக்ஸி வெளியிட்ட கிரானின் வழிவந்தவைதான் இன்று டெபியன் குடும்பத்திலும் ரெட் ஹாட் குடும்பத்திலும் ஓடுகின்றன. ஹோம், லாக்நேம், ஷெல், பாத் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மாறிகளை மட்டும் கையில் கொடுத்து அது உங்கள் ஸ்கிரிப்ட்டைத் தொடங்கி வைக்கிறது. இந்த நடத்தை கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. எந்தப் பதிப்பிலோ புகுந்துவிட்ட கோளாறு அல்ல. ஆக, நீங்கள் ஒப்பிட்டது ஒரே ஸ்கிரிப்ட்டின் இரண்டு ஓட்டங்களை அல்ல, இரண்டு வெவ்வேறு சூழல்களை.

இந்த வேறுபாடு நெட்வொர்க் கோளாறு போலவே வேடம் போட்டுக்கொண்டு வருவதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். புராக்ஸியைப் பாருங்கள். பல நிறுவனங்களில் சர்வர்கள் வெளியுலகைப் புராக்ஸி வழியாகத்தான் தொட முடியும். அதன் முகவரி ப்ரொஃபைல் கோப்பில் ஒரு மாறியாக இருக்கிறது. கிரானில் அந்த மாறி இல்லை. ஆகவே கர்ல் நேரடியாக வெளியே போகப் பார்க்கிறது. ஃபயர்வால் அந்தப் பாக்கெட்டுகளை மறுப்புச் சொல்லாமல் அப்படியே கீழே போட்டுவிட்டால் எந்தப் பதிலும் வராது. வெறும் மௌனம், கடைசியில் டைம்அவுட். காலையில் ஒருவர் உள்ளே நுழைந்து அதே கட்டளையைத் தட்டுகிறார். அவர் ஷெல்லில் புராக்ஸி இருக்கிறது. உடனே பதில் வருகிறது. "ராத்திரி போயிருந்த நெட்வொர்க் இப்போது வந்துவிட்டது" என்று அவர் முடிவு கட்டுகிறார். நெட்வொர்க் இரவு முழுக்க அங்கேயேதான் இருந்தது.

இதிலேயே இன்னும் நுணுக்கமான ஒரு வேடம் உண்டு. புராக்ஸி வழியாகப் போகும்போது வெளித்தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் வேலையைப் புராக்ஸியே செய்துகொள்கிறது. உங்கள் சர்வர் அதற்காக டிஎன்எஸ்ஸைக் கேட்பதே இல்லை. அலுவலகத்தின் உள் டிஎன்எஸ் வெளிப்பெயர்களுக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருந்தாலும் யாருக்கும் அது தெரிய வராது. புராக்ஸி மாறி இல்லாத கிரானில் மட்டும் கர்ல் தானே பெயரைத் தேடிப் போகிறது, எக்ஸிட் கோட் 6-உடன் திரும்புகிறது. பெயர் கிடைக்கவில்லை என்று பொருள். உடனே "எப்போதும் டிஎன்எஸ்தான்" என்ற கோஷம் எழுகிறது. டிக் கட்டளையை ஓட்டிப் பார்த்து நிரூபித்துவிட்டதாகவும் சொல்வார்கள். டிக் டிஎன்எஸ் சர்வரிடம் தானே நேராகக் கேட்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட்டோ ஹோஸ்ட்ஸ் கோப்பு, என்எஸ்ஸ்விட்ச் அமைப்பு எல்லாம் அடங்கிய கணினியின் பெயர்தேடும் வழியில் போகிறது. ஸ்கிரிப்ட் பார்ப்பதைப் பார்க்க வேண்டுமானால் கெட்என்ட் கட்டளையைக் கேளுங்கள். டிக் சொல்வது வேறு கேள்விக்கான பதில்.

கிரான்டேபில் புராக்ஸியைச் சேர்த்த பிறகும் வரவில்லை என்பவர்களுக்கு ஒரு சொல். சாதாரண ஹெச்டிடிபி முகவரிகளுக்கான புராக்ஸி மாறியைக் கர்ல் சிறிய எழுத்துகளில் மட்டுமே ஏற்கும். பெரிய எழுத்தில் எழுதினால் வேண்டுமென்றே கண்டுகொள்ளாது. சிஜிஐ முறையில் வெளியிலிருந்து வரும் ஒரு ஹெட்டரே அந்தப் பெயரில் மாறியாக நுழைந்துவிட முடியும் என்பதால் வைத்த காப்பு அது. அதே போல, கிரான்டேபில் பாத் மாறியை எழுதும்போது பழைய பாத்தை டாலர் குறியோடு சேர்த்து நீட்ட முடியாது. ஷெல் செய்வது போல அந்தக் குறியைக் கிரான் விரித்துப் படிக்காது. எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்துக்கொள்ளும்.

சாவிகளின் கதையும் இதேதான். நீங்கள் ஓட்டும்போது ரிசிங்கும் கிட்டும் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் வைத்திருக்கும் சாவியால் போய் வருகின்றன. கிரானுக்கு அந்த ஏஜென்ட்டின் சாக்கெட் எங்கே என்று தெரியாது. ரூட் பெயரில் ஓடினால் தெரிந்த ஹோஸ்ட்களின் பட்டியல்கூட ரூட்டின் வீட்டிலிருந்துதான் எடுக்கப்படும். அங்கே அது காலியாக இருக்கலாம். கெர்பரோஸ் டிக்கெட்டை நம்பியிருக்கும் இடங்களிலும் இப்படித்தான். அமேசானின் கட்டளைக் கருவியை அதன் வழக்கமான நிறுவியால் போட்டால் அது யூஎஸ்ஆர்-லோக்கல்-பின் அடைவில் அமர்கிறது. டெபியன் கிரானின் வழக்கமான பாத்தில் அந்த அடைவே கிடையாது. விளைவு எக்ஸிட் கோட் 127, அதாவது கட்டளையே கிடைக்கவில்லை. இதற்கு "எஸ்3-க்கு கனெக்‌ஷன் போய்விட்டது" என்று டிக்கெட் எழுதுவது நெட்வொர்க் அணிக்குச் செய்யும் அநியாயம்.

நெட்வொர்க்கோடு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத காரணங்களும் உண்டு. கிரான்டேபில் % குறிக்குத் தனிப் பொருள் இருக்கிறது. முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு இல்லாவிட்டால் அந்த இடத்தில் கட்டளை முடிந்துவிடும். மிச்சம் இருப்பதெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாகப் போகும். அன்றைய தேதியை வைத்து ஒரு கோப்பைத் தரவிறக்கும் வரியில் தேதிக்காக % போடாதவர் யார்? டெர்மினலில் அந்த வரி அட்சரம் பிசகாமல் ஓடும். கிரானில் பாதியிலேயே அறுந்துபோகும். "தரவிறக்கம் தோல்வி" என்று மட்டும் மேலே தகவல் போகும், விசாரணை ஃபயர்வாலை நோக்கிப் போகும்.

"அப்படியானால் ஸ்லீப் போட்டதும் சரியானது எப்படி?" என்று கேட்பார்கள். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான், அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். ஸ்லீப்பால் சரியாகும் நிலை உண்மையில் இருக்கிறது. சர்வர் எழும்போது ஓடும்படி குறித்த ஸ்கிரிப்ட், நெட்வொர்க் தயாராவதற்கு முன்பே தொடங்கிவிடக்கூடும். ஆனால் அங்கேயும் 60 விநாடி என்பது ஒரு யூகம். இன்று 20 விநாடியில் முகவரி கிடைக்கும்; ஸ்விட்ச் மெதுவாக எழும் ஒரு நாளில் 90 விநாடி ஆகும். அன்றைக்கு ஸ்கிரிப்ட் மறுபடி விழும், அதற்குள் ஸ்லீப்பைப் போட்டவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். இதற்கென்றே சிஸ்டம்டி-யில் நெட்வொர்க்-ஆன்லைன் என்று ஒரு டார்கெட் இருக்கிறது. வெறும் நெட்வொர்க் டார்கெட்டை நம்பினால் போதாது. இணைப்பு கிடைத்துவிட்டது என்று அது உறுதி சொல்வதில்லை என்பதை சிஸ்டம்டி ஆவணமே சொல்கிறது. ஆஃப்டர் வரியோடு வான்ட்ஸ் வரியையும் சேர்த்து எழுதினால்தான் காத்திருப்பு நடக்கும். யூகித்த நேரத்துக்குக் காத்திருப்பதை விட்டு, வேண்டிய நிலைமை வரும்வரை காத்திருங்கள் என்பதே நான் சொல்வது.

இன்னொரு நிலையிலும் ஸ்லீப் பலிக்கும். உலகத்தின் பாதி கிரான் வேலைகள் மணி அடிக்கும் நிமிடத்தில், பூஜ்ஜியத்தில் குறிக்கப்படுகின்றன. எதிர்முனையில் அந்த நிமிடத்தில் கூட்டம் நெரிகிறது, மறுப்பு வருகிறது. ஒரு நிமிடம் தள்ளினால் வழி கிடைக்கிறது. உங்கள் நெட்வொர்க் சரியாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கூட்டத்திலிருந்து நீங்கள் தள்ளி நின்றீர்கள், அவ்வளவே. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் நிரலின் டெபியன் கிரான் கோப்பில் ஒரு ஸ்லீப் உண்டு. அது 43200 விநாடிக்குள் ஏதாவதொரு எண்ணைக் குலுக்கி எடுத்து அவ்வளவு நேரம் தூங்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எங்காவது சிதறி விழ வேண்டும், எல்லாரும் ஒரே கணத்தில் கதவைத் தட்டக் கூடாது என்று காரணத்தோடு வைத்த தூக்கம் அது. காரணம் தெரிந்து போடும் ஸ்லீப்போடு எனக்குச் சண்டை இல்லை.

மறுமுயற்சி லூப்போடு சண்டை இருக்கிறது. ஒரு கோரிக்கை டைம்அவுட் ஆனால் பதில் வரவில்லை என்றுதான் பொருள். வேலை நடக்கவில்லை என்று பொருளல்ல. பணம் அனுப்பும் கோரிக்கையோ வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போகும் கோரிக்கையோ எதிர்முனையில் நிறைவேறிய பிறகு பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். மூன்று முறை முயலும் லூப் அதை மூன்று முறை செய்துவிடும். திரும்பச் செய்தாலும் விளைவு மாறாது என்று உறுதியாகத் தெரிந்த வேலைக்குத்தான் மறுமுயற்சி. அதுவும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பாத்தில் கட்டளை இல்லை, சாவி இல்லை, சான்றிதழ் காலாவதி என்ற பிழைகளுக்கு ஆயிரம் முறை முயன்றாலும் பதில் ஒன்றேதான்.

லூப் எழுதுகிறவர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கும் லூப்பைப் பார்ப்பதில்லை என்பது இன்னொரு கொடுமை. டபிள்யூகெட் தானாகவே 20 முறை முயலும். படிப்பதற்கான அதன் காத்திருப்பு எல்லை 900 விநாடி. எதிர்முனை இணைப்பை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால் ஒரே ஒரு கட்டளை சுமார் 5 மணி நேரம் தொங்கும். அதை மூன்றால் பெருக்குங்கள். கர்ல் மொத்த ஓட்டத்துக்குத் தானாக எந்த எல்லையும் வைப்பதில்லை. பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்திலும் டைம்அவுட் சொல்லாவிட்டால் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை இப்படித் தொங்கினால் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும். நினைவகம் நிறைந்து சர்வரே தள்ளாடும்போது அதற்கும் நெட்வொர்க்கையே காரணம் காட்டுவார்கள். ஃப்ளாக் கட்டளையால் ஒன்று முடியும்வரை அடுத்ததைத் தொடங்கவிடாமல் தடுப்பதற்கு ஒரு வரி போதும்.

இவ்வளவு குழப்பத்துக்கும் வேர் எது என்று கேட்டால், சாட்சியத்தை நாமே அழிப்பதுதான். கிரான்டேபின் ஒவ்வொரு வரியின் வாலிலும் வெளியீட்டையும் பிழையையும் டெவ்-நல்லுக்குள் தள்ளும் பழக்கத்தைச் சுத்தம் என்று நினைக்கிறோம். கிரான் தன் பங்குக்கு வெளியீட்டை மின்னஞ்சலாக அனுப்பத் தயாராக இருக்கிறது; பல சர்வர்களில் அஞ்சல் அனுப்பும் மென்பொருளே இல்லை. டெபியன் கிரான் அப்போது வெளியீட்டை எறிந்துவிட்டு, எறிந்துவிட்டேன் என்று சிஸ்லாகில் ஒரு வரி எழுதுகிறது. அந்த வரியை யார் படிக்கிறார்கள்? கர்ல் வேறு, எதிர்முனை 500 என்று பிழை சொன்னாலும் எக்ஸிட் கோட் 0-உடன் திரும்பும். ஃபெயில் சுவிட்ச் போட்டால்தான் 22 என்று தோல்வியை ஒப்புக்கொள்ளும். அதுவரை பிழைப் பக்கத்தைத் தரவுக் கோப்பு என்று சேமித்து வைத்துக்கொண்டு எல்லாம் நலம் என்று சொல்லும்.

இதன் விலை என்ன என்பதற்குக் கிட்லேப் நிறுவனம் 2017-ல் தானே வெளியிட்ட அறிக்கையைவிட நேர்மையான ஆவணத்தை நான் படித்ததில்லை. அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று பிரதான தரவுத்தளத்தின் கோப்பகம் தவறுதலாக அழிக்கப்பட்டது. நாள்தோறும் பிஜி-டம்ப் எடுத்து எஸ்3-க்கு ஏற்றும் ஒரு கிரான் வேலை இருந்தது. எஸ்3-யில் போய்ப் பார்த்தால் எதுவும் இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் 9.6; கிரான் வேலை ஓடிய சர்வரிலோ தரவுக் கோப்பகம் இல்லாததால் எந்தப் பதிப்பு என்று கண்டறிய வழியின்றி 9.2-இன் பிஜி-டம்ப் தேர்வாகியிருந்தது. புதிய சர்வரோடு பழைய டம்ப் வேலை செய்ய மறுத்து, ஒவ்வொரு நாளும் பிழையோடு நின்றது. பிழை வந்தால் மின்னஞ்சல் போகும்படி கிரான் அமைக்கப்பட்டும் இருந்தது. அந்த மின்னஞ்சல்கள் டிமார்க் விதிகளுக்குப் பொருந்தாததால் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டன. ஒரு பொறியாளர் வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட தரவு போயே போய்விட்டது.

அங்கே நெட்வொர்க் ஒரு நாளும் போகவில்லை. எத்தனை ஸ்லீப் போட்டிருந்தாலும், எத்தனை முறை முயன்றிருந்தாலும் ஒரு பைட்கூட எஸ்3-க்குப் போயிருக்காது. ஒரே கட்டளை, ஓடும் இடத்தைப் பொறுத்து வேறொன்றாக மாறியது. அதைச் சொன்ன குரல் யார் காதிலும் விழவில்லை. கிட்லேப் இதை மறைக்காமல் எழுதி வைத்தது. நாமோ அதே வகைத் தோல்விகளை "நெட்வொர்க்" என்ற ஒற்றைச் சொல்லில் புதைத்துக்கொண்டிருக்கிறோம்.

வெளியுலகமே மாறிவிடும் நாட்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 போன்ற பழைய நூலகங்களை வைத்திருந்த சர்வர்களில், லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் கொண்ட தளங்களைத் தொடும் ஸ்கிரிப்ட்கள் ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தும் விழுந்தன. அன்றும் பிழைச்செய்தி சான்றிதழ் என்று தெளிவாகச் சொன்னது. கர்லின் எக்ஸிட் கோட் 60 அதற்கென்றே இருப்பது. காலாவதியான ரூட்டைக் கணினியின் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கினால் தீர்ந்திருக்கும். செய்தியைப் படிக்காமல் கே சுவிட்சைப் போட்டு சரிபார்ப்பையே அணைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்தக் கே இன்னும் எந்த ஸ்கிரிப்ட்களில் உட்கார்ந்திருக்கிறதோ, அங்கெல்லாம் எதிர்முனையில் யார் பேசினாலும் நம்பிவிடும் ஓர் ஓட்டை திறந்தே கிடக்கிறது.

"காலைக்குள் ஓடியாக வேண்டும், ஆராய்ச்சி செய்ய நேரமில்லை" என்பது கடைசி வாதம். ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். எந்த யூசர் பெயரில் கிரான் ஓடுகிறதோ அந்தப் பெயருக்கு மாறுங்கள். என்வ் கட்டளையின் ஐ சுவிட்ச் எல்லா மாறிகளையும் உதறிவிட்டு ஒரு நிரலைத் தொடங்கும். கிரான் கொடுக்கும் நான்கைந்து மாறிகளை மட்டும் திரும்பக் கொடுத்து, பேஷ் அல்லாமல் கிரான் பயன்படுத்தும் எஸ்ஹெச் ஷெல்லில் ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த எஸ்ஹெச் உண்மையில் டாஷ். பேஷ் மட்டுமே அறிந்த எழுத்துமுறைகள் அங்கே உடையும். சூழலால் வரும் தோல்வி என்றால் பெரும்பாலும் அப்போதே உங்கள் கண் முன்னால் நடந்துவிடும். நடக்காவிட்டால், பிழையை ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிட்டு எக்ஸிட் கோடையும் நேரத்தையும் எழுதச் சொல்லி அடுத்த ஓட்டம்வரை பொறுங்கள். 6 என்றால் பெயர் கிடைக்கவில்லை, 7 என்றால் இணைப்பு கிடைக்கவில்லை, 28 என்றால் நேரம் கடந்தது. மூன்றுக்கும் போக வேண்டிய கதவுகள் வேறு வேறு.

நேரத்தை எழுதும்போது எந்த நேரம் என்றும் எழுதுங்கள். கிளவுட் சர்வர்கள் வழக்கமாக யூடிசி-யில் இருக்கின்றன. அங்கே அதிகாலை 2 மணி என்று குறித்த வேலை இந்திய நேரப்படி காலை 7:30-க்கு ஓடுகிறது. சென்னையில் இருக்கும் நெட்வொர்க் அணியிடம் "ராத்திரி ரெண்டு மணி லாகைப் பாருங்கள்" என்று கேட்டால், அவர்கள் ஒன்றும் நடக்காத ஓர் இரவைப் புரட்டிப் பார்த்துவிட்டு "எங்கள் பக்கம் சரிதான்" என்று பதில் அனுப்புவார்கள். அவர்கள் சொல்வது உண்மை. நம் கேள்விதான் தவறு.

கிரானை விட்டு சிஸ்டம்டி டைமருக்கோ குபெர்நெட்டிஸுக்கோ மாறினால் எல்லாம் தீரும் என்போர் உண்டு. டைமரில் எனக்கும் விருப்பம் உண்டு: வெளியீடு ஜர்னலில் தானாகச் சேர்கிறது, டைமர் ஓட்டும் அதே சர்வீஸை அதே சூழலில் கையால் தொடங்கிப் பார்க்கலாம். ஆனால் அதுவும் உங்கள் பேஷ்ஆர்சியைப் படிக்காது. புராக்ஸியைச் சொல்லாவிட்டால் அங்கேயும் அதே மௌனம்தான்.

அணித்தலைவர்களாக இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எக்ஸிட் கோடும் பிழைச்செய்தியும் ஓடிய யூசரின் பெயரும் இல்லாமல் "நெட்வொர்க் பிரச்சினை" என்று எழுதி வரும் எந்த டிக்கெட்டையும் மூட அனுமதிக்காதீர்கள். டெவ்-நல்லில் முடியும் கிரான் வரிகளை இந்த வாரமே தேடி எடுத்து, அவற்றின் வெளியீட்டை யாராவது படிக்கும் ஓர் இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். பேக்அப் வேலைகளிலிருந்து தொடங்குங்கள்.